மூன்று கம்பியில் ஆடும் மயில்

திருவிழா நாட்களில் கோயில் முகப்பில் கட்டி நிறுத்தியிருக்கும் மின்விளக்குப் பலகையை நின்று பார்க்காதவர்கள் குறைவு. இருட்டில் ஒரு மயில் மெல்லத் தோகை விரிக்கிறது. பச்சையாக இருந்த கழுத்து நீலமாகிறது. தோகைக் கண்கள் ஒவ்வொன்றாக எரிந்து, பிறகு எல்லாம் ஒன்றாக மினுங்கி அணைகின்றன. அடுத்த நொடி அதே மயில்மேல் வானவில் ஓடுகிறது.

பலகையில் 1,000 பல்புகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். எந்த நொடியில் எது எந்த நிறத்தில் எரிய வேண்டும் என்று ஒவ்வொன்றுக்கும் யாரோ சொல்லியாக வேண்டும். ஒரு பல்பில் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று விளக்குகள் உண்டு. ஆக 3,000 விளக்குகளைத் தனித்தனியே கூட்டிக் குறைக்க வேண்டும். அதற்கு 3,000 கம்பிகளாவது வேண்டும் என்பதுதான் நியாயமான கணக்கு. பலகையின் பின்பக்கம் போய்ப் பார்த்தால் இருப்பவை மூன்றே கம்பிகள். அவை ஒரு பல்பிலிருந்து அடுத்த பல்புக்கு, அதிலிருந்து அடுத்ததற்கு என்று சங்கிலியாகப் போகின்றன. அந்த மூன்றிலும் இரண்டு மின்சாரம் வந்து திரும்புவதற்கானவை. செய்தி சுமப்பது ஒரே ஒரு கம்பி.

ஒரு கம்பியில் போகும் செய்தி, 738ஆம் பல்புக்கு மட்டும் எப்படிப் போய்ச் சேர்கிறது?

உருளை காலத்துச் சீரியல் செட்

எல்.இ.டி. வருவதற்கு முந்தைய சீரியல் செட்டில் இந்தக் கேள்விக்கு இடமே இல்லை. அங்கே கம்பிகள் உண்மையிலேயே நிறைய இருந்தன. ஒரு சிறிய மோட்டார் ஓர் உருளையைச் சுற்றும். உருளையின் மேல் செம்புத் தகடுகள் பதித்திருக்கும். அது சுற்றச் சுற்றத் தகடுகள் வரிசையாக நின்ற தொடுமுனைகளைத் தொட்டு விலகும். ஒவ்வொரு தொடுமுனையிலிருந்தும் ஒரு கம்பி ஒரு தொகுதி பல்புகளுக்குப் போகும். 1, 5, 9ஆம் பல்புகள் ஒரு தொகுதி. 2, 6, 10 இன்னொன்று. இப்படி நான்கு தொகுதிகளை மாறி மாறி ஏற்றினால் விளக்கு ஓடுவதுபோலத் தெரியும்.

அந்த ஏற்பாட்டுக்கு மூன்று எல்லைகள் இருந்தன. தொகுதியைத்தான் ஆள முடியும், தனிப் பல்பை ஆள முடியாது. பல்புக்கு என்ன சாயம் பூசியிருக்கிறதோ அதுதான் நிறம். ஆட்டத்தை மாற்ற வேண்டுமென்றால் உருளையின் தகடுகளையே மாற்றிப் பதிக்க வேண்டும். விளக்கின் ஆட்டம் முழுவதும் செம்பிலும் கம்பியிலும் கெட்டிப்பட்டுக் கிடந்தது. அதை அங்கிருந்து பிரித்தெடுத்து ஒரு கோப்பாக மாற்றியதுதான் பின்னால் நடந்த மாற்றம். அதற்கு முதல் தேவை, பல்புக்கே கொஞ்சம் புத்தி.

பல்புக்குள் இருப்பது என்ன?

கண்ணுக்குத் தெரியும் சிவப்பு ஒளி தந்த எல்.இ.டி.யை 1962-இல் அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தில் நிக் ஹோலன்யாக் உருவாக்கினார். பச்சையும் பிறகு வந்தது. பிரகாசமான நீலத்துக்குத்தான் 30 ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது. ஜப்பானின் நிச்சியா நிறுவனத்தில் ஷூஜி நாகமுரா 1993-இல் அதைக் கொண்டுவந்தார். நீல எல்.இ.டி.க்காக அவருக்கும் இசாமு அகசாகிக்கும் ஹிரோஷி அமானோவுக்கும் 2014-இல் இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது. நீலம் கிடைத்ததும் மூன்று அடிப்படை நிறங்களும் கைக்கு வந்துவிட்டன. மற்ற நிறங்களெல்லாம் அவற்றின் கலவைதான்.

கலக்க வேண்டுமென்றால் ஒவ்வொன்றின் ஒளியையும் கூட்டிக் குறைக்கத் தெரிய வேண்டும். எல்.இ.டி.யை மங்கலாக்க எளிய வழி, அதை மிக வேகமாக ஏற்றி அணைப்பது. ஒரு நொடிக்குப் பல நூறு முறை ஏற்றி அணைத்தால் கண்ணுக்கு மினுக்கு தெரியாது. எரியும் நேரத்தின் பங்குதான் ஒளியின் அளவாகத் தெரியும். பாதி நேரம் எரிந்தால் பாதி ஒளி. பொறியாளர்கள் இதைத் துடிப்பகலப் பண்பேற்றம் என்பார்கள். நாம் எரிபங்கு என்று சுருக்கமாகச் சொல்லிக்கொள்வோம்.

இந்த ஏற்றி அணைக்கும் வேலையைச் செய்ய ஒரு குட்டிச் சில்லு பல்புக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது. சீனாவின் வேர்ல்ட்செமி நிறுவனம் செய்யும் டபிள்யூ.எஸ்.2811 திருவிழாப் பலகைகளில் அடிக்கடி காணும் வகை. விரல் நுனி அளவுள்ள பல்பின் அடியில், பிசின் ஊற்றி மூடிய பகுதிக்குள் அது இருக்கும். ஒவ்வொரு நிறத்துக்கும் 0 முதல் 255 வரை ஓர் எண்ணை அது ஏற்றுக்கொள்ளும். மூன்று நிறங்களுக்கும் 256 படிகள் வீதம் பெருக்கினால் ஒரு கோடியே 67 லட்சத்துக்கும் மேற்பட்ட நிறங்கள்.

0 முதல் 255 வரை ஓர் எண்ணை எழுத, 0 அல்லது 1 என்ற குறிகள் எட்டு போதும். அந்தக் குறிதான் பிட். மூன்று நிறத்துக்கு 24 பிட். ஒரு பல்புக்கு ஒரு நேரத்தில் தேவையான செய்தி அவ்வளவுதான்.

முதல் 24 எனக்கு

ஒவ்வொரு பல்புக்கும் ஒரு முகவரி எழுதி ஒட்டியிருப்பார்கள், செய்தியோடு அந்த முகவரியும் வரும் என்று நினைக்கத் தோன்றும். அப்படி இல்லை. 738ஆம் பல்புக்குத் தான் 738ஆம் பல்பு என்பதே தெரியாது.

பந்தியில் இலை போடும்போது, ஒரு கட்டு இலையை முதல் ஆளிடம் கொடுத்தால் அவர் மேலே இருப்பதைத் தனக்கு எடுத்துக்கொண்டு மீதியைப் பக்கத்தில் தள்ளிவிடுவார். எந்த இலை யாருக்கு என்று யாரும் எழுதி வைக்க வேண்டியதில்லை. உட்கார்ந்த வரிசையே தீர்மானித்துவிடும். பல்புகளும் அப்படித்தான். சரத்தின் தொடக்கத்தில் இருக்கும் கண்ட்ரோலர் என்ற கட்டுப்பாட்டுப் பெட்டியிலிருந்து நீண்ட பிட் வரிசை கிளம்புகிறது. முதல் பல்பு முதல் 24 பிட்டை எடுத்து வைத்துக்கொண்டு, அதற்கு மேல் வருவதையெல்லாம் அடுத்த பல்புக்குக் கடத்துகிறது. இரண்டாவது பல்புக்கு வந்து சேரும் முதல் 24 என்பது, அனுப்பியதில் 25 முதல் 48 வரை. அது தன் பங்கை எடுத்துக்கொண்டு மீதியைக் கடத்துகிறது. கடைசிப் பல்புவரை இதே விதி.

கடத்தும்போது சில்லு இன்னொரு வேலையும் செய்கிறது. மழுங்கி வரும் துடிப்பைக் கூராக்கிப் புதிதாக அனுப்புகிறது. அதனால்தான் நூற்றுக்கணக்கான பல்புகளைத் தாண்டியும் செய்தி சிதையாமல் போகிறது.

ஒரே கம்பியில் 0 எது, 1 எது என்று பிரிப்பது துடிப்பின் நீளத்தால். குட்டையான துடிப்பு 0. ஏறத்தாழ அதைப்போல இரு மடங்கு நீளமானது 1. எல்லாருக்கும் செய்தி போய்ச் சேர்ந்துவிட்டது, இனி ஒன்றாகக் காட்டுங்கள் என்று கட்டளையிடுவது எது? எதுவும் அனுப்பாமல் இருப்பதுதான் கட்டளை. கம்பி 50 மைக்ரோநொடிக்கு மேல் அமைதியாக இருந்தால் எல்லாப் பல்புகளும் தங்களிடம் இருக்கும் எண்களை ஒளியாக்கிவிடும். ஒரு மைக்ரோநொடி என்பது நொடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு.

அப்படியானால் எந்தப் பல்புக்கும் மயிலைப் பற்றி எதுவும் தெரியாது. மயில் முழுவதும் வரிசையில் இருக்கிறது. அந்த வரிசையைச் சரியாகத் தயாரிப்பதுதான் கணினியில் இருக்கும் மென்பொருளின் வேலை.

ஐம்பது பல்பில் ஒரு புள்ளி

மயிலை விட்டுவிட்டு மிகச் சிறிய ஒரு பலகையை எடுத்துக்கொள்வோம். கடையில் இந்தப் பல்புகள் பெரும்பாலும் ஐம்பது ஐம்பதாகக் கோத்த சரமாகக் கிடைக்கும். ஒரு சரத்தை எடுத்துப் பத்துப் பத்தாக ஐந்து வரிசையில் செருகுகிறோம். செய்ய வேண்டியது ஒன்றுதான்: இடமிருந்து மூன்றாவது நெடுவரிசையில் ஒரு சிவப்புப் புள்ளி மேலிருந்து கீழே விழ வேண்டும்.

முதல் வரிசையில் இடமிருந்து வலமாக 1 முதல் 10 வரை செருகியாகிவிட்டது. அடுத்து 11ஆம் பல்பு. அதை மறுபடி இடது ஓரத்துக்குக் கொண்டுபோகக் கம்பி எட்டாது; இரண்டு பல்புக்கு இடையில் ஒரு சாண் கம்பிகூட இருக்காது. ஆகவே 11ஆம் பல்பு 10க்கு நேர் கீழே, வலது ஓரத்தில்தான் உட்காரும். இரண்டாம் வரிசை வலமிருந்து இடமாக 20இல் முடியும். மூன்றாவது மறுபடி இடமிருந்து வலம். பாம்பு நெளிவதுபோல 50 வரை போகும்.

இப்போது மூன்றாம் நெடுவரிசையில் இருக்கும் பல்புகளை மேலிருந்து எண்ணுங்கள். முதல் வரிசையில் 3. இரண்டாம் வரிசை வலமிருந்து தொடங்குவதால் அங்கே 18. மூன்றாவதில் 23. நான்காவதில் 38. ஐந்தாவதில் 43. புள்ளி விழ வேண்டுமென்றால் 3, 18, 23, 38, 43 என்ற வரிசையில் பல்புகள் எரிந்து அணைய வேண்டும்.

நெளிவை மென்பொருளுக்குச் சொல்லாமல் விட்டால், எல்லா வரிசையும் இடமிருந்து வலம் என்று எடுத்துக்கொண்டு அது 3, 13, 23, 33, 43 என்று அனுப்பும். 13ஆம் பல்பு இருப்பதோ எட்டாவது நெடுவரிசையில். புள்ளி நேராக விழாமல் இடம், வலம், இடம், வலம் என்று தாவித் தாவி இறங்கும். பல்பில் பழுதில்லை, கம்பியில் பழுதில்லை, படத்திலும் பழுதில்லை. கம்பி போன பாதையும் மென்பொருள் நினைத்த பாதையும் வேறாக இருந்ததுதான் கோளாறு.

ஆகவே லெட்எடிட் போன்ற மென்பொருளைத் திறந்ததும் அது முதலில் கேட்பது மூன்று விவரங்கள்: எந்தக் கண்ட்ரோலர், எந்தச் சில்லு, கம்பி எந்த வழியாகப் போகிறது. மூன்றாவதைக் காட்டத் திரையில் கட்டம் போட்ட ஒரு பரப்பு வரும். அதில் முதல் பல்பு எங்கே, அடுத்தது எங்கே என்று மவுஸால் வரிசையாகக் குறித்துக்கொண்டே போக வேண்டும். இதை வழிப்படம் என்று அழைக்கலாம். மயில் பலகையில் பல்புகள் கட்டமாக இருக்காது. கழுத்தின் வளைவிலும் தோகையின் இழைகளிலும் துளையிட்டுச் செருகியிருக்கும். அங்கேயும் முறை மாறாது. துளைக்குத் துளை கம்பி போன பாதையைத் திரையில் அப்படியே மறுபடி போட வேண்டும்.

வழிப்படம் சரியாகிவிட்டால் மற்றது எளிது. மென்பொருள் அந்தப் பரப்பின்மேல் எந்த அசையும் படத்தையும் ஓடவிடும்: வானவில், அலை, வட்டமாக விரியும் ஒளி. ஒவ்வொரு கணமும் முதல் பல்பு இருக்கும் இடத்தில் படத்தின் நிறம் என்ன, இரண்டாவது இருக்கும் இடத்தில் என்ன என்று வரிசையாகக் கேட்டு எழுதிக்கொள்ளும். தோகை விரிவது என்பது, தோகையின் அடியிலிருந்து நுனிக்கு நகரும் ஓர் ஒளிப்பட்டையைத் துளைகள் வழியே பார்ப்பதுதான்.

இரண்டாவது விவரமான சில்லின் வகையும் லேசானதல்ல. சில வகைகள் சிவப்பு, பச்சை, நீலம் என்ற வரிசையில் எண்களை எதிர்பார்க்கும். வேறு சில பச்சையை முதலில் எதிர்பார்க்கும். மாற்றிச் சொல்லிவிட்டால் நம் சிவப்புப் புள்ளி பச்சையாக விழும். பலகை கட்டுபவர்கள் முதலில் முழுச் சிவப்பு, முழுப் பச்சை, முழு நீலம் என்று ஓட்டிப் பார்ப்பது இதற்காகத்தான்.

வேகத்துக்கு ஓர் எல்லை

ஒரே கம்பியில் எல்லாவற்றையும் வரிசையாக அனுப்புவதற்கு விலை உண்டு. அது நேரம்.

இந்தச் சில்லுகள் நொடிக்கு 8 லட்சம் பிட் வாங்கக்கூடியவை. ஒரு பிட்டுக்கு 1.25 மைக்ரோநொடி, ஒரு பல்புக்கு 24 பிட், அதாவது 30 மைக்ரோநொடி. நம் 50 பல்புப் பலகைக்கு 1,500 மைக்ரோநொடி, நொடியில் 600இல் ஒரு பங்குகூட இல்லை. 1,000 பல்புக்கு நொடியில் நூற்றில் மூன்று பங்கு. அப்படியானால் நொடிக்கு 33 படம் காட்டலாம். திரைப்படம் ஓடுவது நொடிக்கு 24 படம் என்பதால் இது தாராளம்.

பல்பை 2,048 ஆக்கினால்? ஒரு படம் அனுப்ப 61,440 மைக்ரோநொடி ஆகும். நொடிக்கு 16 படம்தான். மெல்ல நிறம் மாறும் காட்சிக்கு அது போதும்; சுழலும் சக்கரத்துக்குப் போதாது, வெட்டி வெட்டித் தெரியும். சிறு பலகைகளில் பரவலாக இருக்கும் டி-1000எஸ் என்ற கண்ட்ரோலர் ஏற்கும் உச்ச எண்ணிக்கையும் இந்த 2,048தான். பெரிய பலகைகளுக்கு ஒரே கம்பியை நீட்டாமல், எட்டு வாசல் உள்ள கண்ட்ரோலரை வாங்கி எட்டுச் சரங்களை ஒரே நேரத்தில் ஓட்டுவார்கள்.

கண்ணுக்காக ஒரு திருத்தம்

ஒரு பல்பை மெல்ல ஏற்ற வேண்டும் என்று 0, 1, 2 என 255 வரை சீராக அனுப்பிப் பாருங்கள். தொடக்கத்தில் சட்டென்று வெளிச்சம் ஏறிவிடும். பாதிக்கு மேல் மாற்றமே தெரியாது. சில்லு ஏமாற்றவில்லை. 128 என்ற எண்ணுக்கு அது சரியாகப் பாதி எரிபங்கு தருகிறது. நம் கண்தான் மங்கலில் நுட்பமாகவும் பிரகாசத்தில் மந்தமாகவும் பார்க்கும். பாதி ஒளி நமக்கு ஏறத்தாழ முக்கால் பங்கு வெளிச்சமாகத் தெரியும்.

நல்ல மென்பொருள் இதை அறிந்து எண்களைத் திருத்தி அனுப்பும். படத்தில் 128 என்று இருந்தால் 56 போகும். 64 என்று இருந்தால் 12. இந்தத் திருத்தத்துக்குக் காமா என்று பெயர். இதற்கும் ஒரு விலை உண்டு. மங்கலான கால் பங்கு முழுவதற்கும் 12 படிகள்தான் மிஞ்சுகின்றன. அதனால்தான் மெல்ல அணையும் விளக்கு கடைசி நேரத்தில் வழுக்கி இறங்காமல் படி படியாக விழுவதுபோலத் தெரிகிறது.

கண்ணின் இயல்பைச் சாதகமாக்கிக்கொள்ளவும் வழி உண்டு. நம் சிவப்புப் புள்ளி 3ஆம் பல்பிலிருந்து 18ஆம் பல்புக்கு ஒரே தாவில் போனால் அது துள்ளல். இடையில் சில கணங்கள் 3 மங்கிக்கொண்டே போக, 18 ஏறிக்கொண்டே வந்தால் அது நகர்தல். இரண்டு பல்புக்கும் நடுவே பல்பே கிடையாது. இருந்தும் புள்ளி அந்த இடத்தைக் கடந்ததாகவே கண் சொல்லும்.

பதிவா, கணக்கா?

மென்பொருள் தயாரித்த வரிசை பலகைக்குப் போக இரண்டு வழிகள் உண்டு.

முதலாவது, பதிவு. லெட்எடிட்டில் ஒவ்வொரு கணத்துக்குமான எண்கள் முழுவதும் ஒரு கோப்பாக எஸ்.டி. கார்டில் ஏறும். அதைக் கண்ட்ரோலரில் செருகினால், அது கோப்பை முதலிலிருந்து கடைசிவரை படித்துக் கம்பியில் தள்ளும். முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து. கணினி கூடவே இருக்கத் தேவையில்லை. எட்டு பிட் சேர்ந்தது ஒரு பைட் என்பதால், 1,000 பல்புக்கு ஒரு படம் 3,000 பைட். நொடிக்கு 25 படம் என்றால் நிமிடத்துக்கு 45 லட்சம் பைட். அரை மணி நேர ஆட்டமே பழைய சிறிய கார்டு ஒன்றில் அடங்கிவிடும். அமெரிக்காவில் கிறிஸ்துமஸுக்கு வீடு முழுவதும் விளக்கு கட்டிப் பாட்டுக்கு ஆடவிடுபவர்கள் எக்ஸ்லைட்ஸ் என்ற இலவச மென்பொருளைப் பயன்படுத்துகிறார்கள். அதுவும் இந்த வகைதான். பாட்டின் அலைவடிவத்தைத் திரையில் விரித்து, எந்தத் தாளத்துக்கு எந்த விளக்கு என்று முன்கூட்டியே எழுதி வைப்பார்கள்.

இரண்டாவது, கணக்கு. டபிள்யூ.எல்.இ.டி. என்ற இலவச மென்பொருள், வைஃபை வசதியுள்ள ஈ.எஸ்.பி.32 போன்ற சிறு கணினிச் சில்லுக்குள்ளேயே ஓடுகிறது. அதில் படம் எதுவும் பதிந்திருக்காது; விதிகள்தான் இருக்கும். பல்பின் எண்ணையும் கடிகார நேரத்தையும் கூட்டி அதற்கேற்ற நிறத்தைக் கொடு என்ற ஒரு வரி விதியே ஓடும் வானவில் ஆகிவிடும். கைபேசியில் வேகத்தையும் நிறத்தையும் நகர்த்தினால் விளக்கு உடனே மாறும். வீட்டுக் கூரை ஓரத்துக்கு இது போதும். மயில் கழுத்தைத் திருப்புவதை இப்படி ஒரு விதியாக எழுதுவது கடினம். அதற்கு வரைந்து பதிவதே வழி.

பழுது சொல்லும் சேதி

வரிசையை நம்பி இயங்குவதன் பலவீனமும் வரிசையிலேயே இருக்கிறது. நம் பலகையில் 27ஆம் பல்புவரை சரியாக எரிந்து, 28 முதல் 50 வரை இருட்டாக இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 23 பல்புகள் ஒன்றாகக் கெட்டிருக்காது. 28ஆம் பல்பு வாங்காமல் இருக்கலாம். அல்லது 27ஆம் பல்பு தன் பங்கை எடுத்துக்கொண்டு மீதியைக் கடத்தாமல் இருக்கலாம். ஆகவே மாற்ற வேண்டியது 28, அது போதாவிட்டால் 27. இந்தத் தொல்லைக்காகவே டபிள்யூ.எஸ்.2813 போன்ற பின்வந்த சில்லுகளில் செய்திக்கு இன்னொரு கம்பி சேர்த்தார்கள். ஒரு பல்பு செத்தாலும் அடுத்தது அதைத் தாண்டிக் கேட்கும்.

வேறொரு கோளாறில் பல்புகள் எல்லாம் எரியும், நிறம் மட்டும் தப்பும். வெள்ளை காட்டச் சொன்னால் சரத்தின் தொடக்கத்தில் வெள்ளையும் கடைசியில் செம்மஞ்சளும் தெரியும். செய்தி சரியாகத்தான் போகிறது; மின்னழுத்தம் போதவில்லை. முழு வெள்ளையில் ஒரு பல்பு ஏறத்தாழ 60 மில்லி ஆம்பியர் இழுக்கும். 50 பல்புக்கு 3 ஆம்பியர். 1,000 பல்புக்கு 60 ஆம்பியர். மெல்லிய கம்பியில் இவ்வளவு ஓடும்போது, சரத்துக்குக் கொடுக்கும் 5 வோல்ட் வழியிலேயே குறைந்துகொண்டு போகும். சிவப்பு எல்.இ.டி.க்கு 2 வோல்ட் அளவு போதும். பச்சைக்கும் நீலத்துக்கும் 3 வோல்ட் அளவு வேண்டும். அழுத்தம் குறையும்போது அவை முதலில் மங்க, சிவப்பு மட்டும் மிஞ்சி நிற்கும். மருந்து, எஸ்.எம்.பி.எஸ். என்ற மின்வழங்கியிலிருந்து தடித்த கம்பி இழுத்துச் சரத்தின் நடுவிலும் கடைசியிலும் மின்சாரம் கொடுப்பது. மென்பொருளில் இதற்கு மருந்து கிடையாது. ஒளியைக் குறைத்து ஓட்டித் தாக்குப்பிடிக்கலாம், அவ்வளவுதான்.

இந்த இரண்டு கோளாறுகளையும் மென்பொருள் தானாகக் கண்டுபிடிக்காது. செய்திக் கம்பி ஒருவழிப் பாதை. எந்தப் பல்பும் கண்ட்ரோலருக்குப் பதில் அனுப்புவதில்லை. பலகை முழுதும் இருண்டு கிடந்தாலும் கண்ட்ரோலர் எஸ்.டி. கார்டைப் படித்து எண்களைத் தள்ளிக்கொண்டே இருக்கும். கணினித் திரையில் அழகாக ஓடும் மயில், மென்பொருள் தன் வழிப்படத்தை நம்பிக் காட்டும் மயில். பலகையில் உண்மையில் ஓடுவது எது என்று ஒருவர் எதிரே நின்று பார்த்துத்தான் சொல்ல வேண்டும். விளக்கு கட்டுகிறவர்கள் ஒருவரை ஏணியில் ஏற்றிவிட்டு இன்னொருவரைத் தெருவில் நிறுத்துவது அதனால்தான்.